கட்டடமா, கிளையா, வாடகை வீடா? வீடற்றோர் காப்பகம் அடுத்து எந்தப் பக்கம் வளர்வது

கொங்குப் பக்கம் வீடற்றோருக்குக் காப்பகம் நடத்தும் சிறு டிரஸ்டுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாலு நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்த இல்லம். இன்றைக்கு நாற்பது படுக்கை, நாற்பதிலும் ஆள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்தோ திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்தோ போன் வந்தால் "இடம் இல்லீங்க" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நேரம் பார்த்து மூன்று யோசனைகள் வந்து நிற்கின்றன. ஒரு மில் முதலாளி நிலம் தந்து கட்டடமும் கட்டித் தருகிறேன் என்கிறார். பக்கத்து மாநகராட்சி தன் காப்பகத்தை எடுத்து நடத்தச் சொல்கிறது. டிரஸ்டிகளில் இளையவர், இரண்டும் வேண்டாம், தேறியவர்களை ஊருக்குள் வாடகை வீட்டில் குடிவைப்போம் என்கிறார். எதை எடுப்பது?

நான் இப்படிப்பட்ட சில இல்லங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். அதனால் கருணையைவிட ரொக்கப் புத்தகத்தின் பக்கம் என் பேச்சு கொஞ்சம் சாயும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

எத்தனை படுக்கை என்று எண்ணுவதை முதலில் ஓரம் வையுங்கள். ஒருவர் சராசரியாக ஒரு வருடம் தங்கினால் நாற்பது படுக்கையில் வருடத்துக்கு 40 பேர். சராசரித் தங்கல் மூன்று மாதமானால் அதே நாற்பதில் 160 பேர். ஒரு செங்கல்கூட வைக்காமல் காப்பகம் நாலு மடங்காகிவிடுகிறது. ஆளை விரட்டிவிட்டும் இந்தக் கணக்கைக் காட்டலாம் என்பதால் கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும்: போனவர் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறார்?

ஆள் ஏன் வருடக் கணக்கில் தங்கிப்போகிறார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். திருப்பூரில் ஒரு வகையான ஆளை எல்லாக் காப்பகத்திலும் பார்க்கலாம். இளவயதில் தென் மாவட்டத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவர். கல்யாணம் ஆகவில்லை, அல்லது ஆகி விட்டுப்போயிற்று. படுக்கை கம்பெனி ரூமில். கண் மங்கி, கை நடுங்கி, வேலை நின்ற அன்றைக்கே ரூமும் போய்விடும். காப்பகத்துக்கு வரும்போது கையில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஜி.ஹெச். சீட்டு, ஒரு சட்டை, எப்போதோ வேலை செய்த கம்பெனியின் அடையாள அட்டை. ஆதார் எடுத்தோமா என்று அவருக்கே நினைவில்லை. விரலை வைத்துப் பார்த்தால் ரேகை தேய்ந்து கருவி ஏற்க மறுக்கும். அந்த ஆதாரைத் தேடி எடுத்து, வங்கிக் கணக்கு திறந்து, தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தால் முதியோர் உதவித்தொகைக்கு வழி பிறக்கும். 2023இல் அதை மாதம் ₹1,200 ஆக உயர்த்தினார்கள். அது இருந்தால் ஒரு ரூமில் பங்கு வாடகையாவது கொடுப்பார். இதற்கெல்லாம் அலைய ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலான இல்லங்களில் சோறு போட ஆள் உண்டு, அலைய ஆள் கிடையாது. வந்தவர் வந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார்.

ஆகவே முதல் அளவுகோல், தேறியவர் வெளியே போக இந்த யோசனை வழி செய்கிறதா என்பது. மற்றவை மூன்று.

இரண்டாம் வருடச் செலவை யார் கொடுப்பார்கள்? திறப்பு விழா வருடத்தில் எல்லோரும் கொடுப்பார்கள்.

இராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? ஷிஃப்டுக்கு ஒருவர் என்றாலும் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் ஆறு ஷிஃப்ட் பார்த்தால் நாலு பேர் இல்லாமல் ஓடாது. ஆளுக்கு ₹15,000 என்று குறைத்தே போட்டாலும் மாதம் ₹60,000, வருடத்துக்கு ₹7.2 லட்சம். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

கடைசியாக, தோற்றுப்போனால் பின்வாங்க வழி உண்டா?

## வழி 1: சொந்தக் கட்டடம்

நம் ஊர்க் கொடையாளிகளைக் குறை சொல்ல முடியாது. கேட்ட மாத்திரத்தில் கட்டில், ஃபேன், ஆர்.ஓ. மெஷின் எல்லாம் வந்து இறங்கும். ஆனால் பேச்சு இப்படித்தான் போகும்: "கட்டடம் நான் கட்டித் தர்றனுங்க. சம்பளமெல்லாம் நீங்க பாத்துக்கோணும்." கல்வெட்டில் அப்பா பெயர் போடலாம், வாட்ச்மேன் சம்பளத்தில் யார் பெயரையும் போட முடியாது. அது மனித இயல்பு, திட்டி ஆவதில்லை.

நல்ல பக்கம் பெரியது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் போகும். பெண்களுக்குத் தனிப் பகுதி, சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, காசநோய் சந்தேகம் உள்ளவரைத் தனியாக வைக்க ஒரு அறை, இவையெல்லாம் வாடகை மண்டபத்தில் நடக்காத காரியம்.

இனி ஒளிந்திருக்கும் செலவுகள். முதலாவது, நிலம் எங்கே என்பது. இலவசமாக வரும் நிலம் அனேகமாக ஊரைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம்தான் இருக்கும். அன்னூர் தாண்டி, பல்லடம் தாண்டி. ஜி.ஹெச்.சுக்கு ஒரு தடவை போய்வர அரை நாள். தேறியவர் வேலைக்குப் போக பஸ் கிடையாது. வேலைக்குப் போகாதவர் வெளியே போக மாட்டார். தண்ணீருக்கு போர் போட்டால் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வருகிறது என்ற கதை அந்தப் பக்கம் புதிதில்லை.

இரண்டாவது சாப்பாடு. நாற்பது பேர் வரைக்கும் பிறந்தநாள் சாப்பாடு, அமாவாசை அன்னதானம், கல்யாண மண்டபத்தில் மிஞ்சியது என்று பாதி மாதம் ஓடிவிடும். நூறு பேருக்கு அது ஓடாது. ஆடியும் மார்கழியும் வந்தால் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், மளிகைக் கணக்கு எகிறும். முகூர்த்த நாளில் ஒரே இரவில் மூன்று அண்டா பிரியாணி வந்து, இரண்டு நாள் கழித்து ரசத்துக்குப் புளி வாங்கக் காசு தேடிய இல்லத்தை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, இடம் பெரிதானால் எல்லோரையும் அங்கேயே கொண்டுவந்து விடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் தங்கினால் 2014ஆம் வருடத்துத் தமிழ்நாட்டு விடுதிகள் சட்டப்படி உரிமம். ஆதரவற்ற குழந்தைகளைத் தங்கவைத்தால் சிறார் நீதிச் சட்டப் பதிவு. மனநோய் உள்ளவர்களைச் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தால் 2017 மனநலச் சட்டப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் வேறு ஆபீஸ், வேறு ஆய்வு. பணியாளர் பத்துப் பேரானால் பாலியல் புகாருக்கான உள்ளகக் குழு கட்டாயம், பணிக்கொடை (கிராஜுவிட்டி) விதிகளும் வந்துவிடும். இருபதானால் பி.எஃப்.

கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் சம்பளத்துக்கு உதவாதா என்று கேட்பார்கள். உதவும், கொஞ்ச காலம். தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டாலும் தொடங்கிய வருடம் போக மூன்று வருடம்தான் சட்டத்தில் வரம்பு. தனிநபர் நன்கொடையிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. புதிய வருமான வரி முறைக்கு மாறிய சம்பளக்காரருக்கு, 80ஜி என்று பழகிப்போன நன்கொடை வரி விலக்கு கிடையாது. ரசீதைக் காட்டி மாதம் ஆயிரம் வாங்கிய காலம் மெல்ல முடிகிறது. ரொக்கமாக ₹2,000க்கு மேல் கொடுத்தால் பழைய முறைக்காரருக்கும் விலக்கு இல்லை.

என்றாலும் கட்டடமே சரியாகிற நிலைமை உண்டு. நிலம் ஊருக்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கோ படுத்த படுக்கையானவர்களுக்கோ என்று தெளிவாக இருக்க வேண்டும். அதோடு கொடையாளி வைப்பு நிதியும் எழுதித் தர வேண்டும். அந்த ₹7.2 லட்சம் வட்டியாக வர, 7 சதவீதம் என்று வைத்தால் ₹1 கோடியே 3 லட்சம் டெபாசிட்டில் கிடக்க வேண்டும். இதைக் கொடையாளி முன்னால் தாளில் போட்டுக் காட்டுங்கள். தொழில் செய்கிறவர், உடனே புரிந்துகொள்வார். முகம் சுளிப்பவர் ஒருவர் இருந்தால், "இதை ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே" என்று மாடியைக் குறைத்துவிட்டு மீதியை வைப்பில் போடுகிறவரும் ஒருவர் இருப்பார்.

## வழி 2: மாநகராட்சிக் காப்பகத்தை எடுத்து நடத்துவது

இதன் பின்னணி உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2010இல் வந்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, நகரங்களில் லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற கணக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் பழைய எல்லைக்கே பத்தரை லட்சம் பேர். பத்துக் காப்பகமாவது இருக்க வேண்டும். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதற்குப் பணம் ஒதுக்கியது. ஒருவருக்கு 50 சதுர அடி, ஐம்பது பேர் காப்பகத்துக்கு வருடம் ₹6 லட்சம் நடத்தும் செலவு என்று வழிகாட்டியில் இருந்தது. மேலே போட்ட நாலு பேர் சம்பளத்துக்கே அது போதாது. அந்த இயக்கமும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆக, கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இப்போது பணம் எந்தத் தலைப்பிலிருந்து, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும்?

வருகிற பில் தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். ஆறு மாதச் செலவு கையில் இல்லாத டிரஸ்ட் இதைத் தொடவே கூடாது என்பேன். மாவட்டத்தில் பெரிய விழா, பெரிய மனிதர் வருகை என்றால் ஒரே இரவில் வேனில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற வழக்கமும் உண்டு. வந்தவர்களுக்கே வர விருப்பம் இருக்காது, விடிந்தால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் எத்தனை பேர் வரை என்று எழுதிவைத்தால்தான் மறுக்க வாய் வரும்.

லாபம் என்னவென்றால் இடம். ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஜி.ஹெச்.சுக்கும் பக்கத்தில் நம் காசில் ஒரு ஷெட்கூடப் போட முடியாது. இன்னொன்று, அரசு முத்திரை. ஆளைச் சேர்க்கப் போலீஸ் தரும் மெமோ, ஆஸ்பத்திரி சேர்க்கை, ஆதாருக்கு முகவரி எல்லாம் சுலபமாக நடக்கும். கிளை தோற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்பதும் சின்ன விஷயமில்லை.

கவனிக்காமல் விடுவது தூரத்தை. கோவையில் இருந்துகொண்டு ஈரோட்டில் ஒன்று, சேலத்தில் ஒன்று என்று எடுத்தால் இராத்திரிப் பிரச்சினைக்கு நிறுவனர் போய்ச் சேர முடியாது. அங்கே உள்ள வார்டன்தான் அந்த இல்லத்தின் தலைவர், பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும். அந்த ஊர் டிரஸ்ட் ஒன்றோடு கூட்டாக நடத்தலாமே என்றால், வெளிநாட்டு நன்கொடை வாங்குகிறவர்கள் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது.

வார்டன் தயாராக இருக்கிற டிரஸ்டுக்கு இது நல்ல வழி. ஏற்கெனவே ஒரு வருடமாவது நிறுவனர் இல்லாமல் இராத்திரிகளைச் சமாளித்தவர் ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

## வழி 3: ஊருக்குள் வாடகை வீடு

சென்னையில் 1993இல் தொடங்கிய பான்யன் (The Banyan) அமைப்பு, மனநோயோடு தெருவில் இருந்து மீண்டவர்களை நாலைந்து பேராகச் சாதாரண வாடகை வீடுகளில் குடிவைத்து, கூடவே உதவியாளர் போய்வருகிற ஏற்பாட்டை நடத்திக் காட்டியிருக்கிறது. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்ற எண்ணம் நியூயார்க்கில் 1992 வாக்கில் ஒரு திட்டமாக உருவெடுத்தது. பின்லாந்து அதையே அரசுக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. அங்கே அரசு வாடகை தருகிறது, இங்கே நாம்தான் தேட வேண்டும். அந்த வித்தியாசத்தை மறக்காமல் இருந்தால் போதும்.

கணக்கு என்று பார்த்தால் மூன்றிலும் இதுதான் சிறியது. புறநகரில் இரண்டு அறை வீட்டுக்கு ₹9,000 வாடகை என்று வைத்தால் நாலு பேருக்கு ஆளுக்கு ₹2,250. உதவித்தொகை ₹1,200 அதில் பாதிக்கு மேல் கட்டிவிடும். செக்யூரிட்டி வேலை, ஹோட்டலில் பாத்திரம், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுவது என்று ஏதாவது கிடைத்தவர் முழுப் பங்கையும் தானே கட்டுவார். மாதம் ஒரு வீடு என்று போனால்கூட வருடத்தில் நாற்பது பேருக்கு மேல் வெளியே போய், அவர்கள் படுக்கை புதியவர்களுக்குக் கிடைத்திருக்கும்.

சிக்கல் வீடு கிடைப்பதில்தான். அட்வான்ஸ் பேசும் முன்பே வீட்டுக்காரர் கேட்பது, "நீங்க என்ன ஆளுங்க?" நம் பக்கத்தில் இது தெரிந்த கதை. நாலு பேர் நாலு ஊர், ஒருவருக்குத் தன் ஊரே நினைவில்லை, இன்னொருவர் ஒடியா பேசுகிறார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? டிரஸ்ட் பெயரில் ஒப்பந்தம் போட்டு, "வாடகைக்கு நாங்க பொறுப்பு, தேதி தவறாது" என்று பேசினால் சில வீட்டுக்காரர்கள் இறங்கி வருகிறார்கள். முதல் வீடு கிடைக்கத்தான் மாதக்கணக்காகும். அது ஒழுங்காக நடந்தால் அந்த வீட்டுக்காரரே அடுத்த தெருவில் சொல்லிவிடுவார்.

ஒளிந்த செலவுகள் இவை: அட்வான்ஸ் முடங்கிக் கிடக்கும், காலி செய்யும்போது வெள்ளையடிக்கப் பிடிப்பார்கள், ஒருவர் குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தால் நாலு பேரும் வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும். மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்த்துவர வண்டியில் சுற்றும் ஒரு ஊழியர் கட்டாயம். கொடையாளியைக் கூட்டிப்போய்க் காட்டவும் ஒன்றுமில்லை. பூட்டிய கதவு, வெளியே காயும் நாலு வேட்டி. மற்ற எல்லாவற்றையும்விட இது டிரஸ்டிகளைச் சோர்வடையச் செய்கிறது. பத்திரிகையில் படம் வராது.

நேற்று மீட்டு வந்தவருக்கும், கால் புண்ணில் புழு வைத்தவருக்கும், மனநோய் உச்சத்தில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குக் காப்பகமும் ஆஸ்பத்திரியும்தான்.

இதே அலைகிற ஊழியரை வைத்து இன்னொரு காரியமும் நடக்கும். பிள்ளைகளால் கைவிடப்பட்டவர்களுக்கு 2007 முதியோர் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். பார்த்துக்கொள்வதாகச் சொல்லித் தோட்டத்தை எழுதி வாங்கிவிட்டு விட்டுப்போயிருந்தால், அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிற பட்சத்தில் 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யவும் வழி இருக்கிறது. நிலம் விலை ஏறிப்போன நம் பகுதியில் இந்தப் பிரிவை இன்னும் பல காப்பகங்கள் கையில் எடுக்கவில்லை.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | சொந்தக் கட்டடம் | மாநகராட்சிக் காப்பகம் | வாடகை வீடு |
|---|---|---|---|
| வெளியே போகும் வழி | தானாக வராது | கொஞ்சம், இடம் நல்லதென்பதால் | இதன் வேலையே அதுதான் |
| இரண்டாம் வருடப் பணம் | வைப்பு நிதி இல்லாவிட்டால் திண்டாட்டம் | எந்தத் தலைப்பில் என்று கேட்க வேண்டும், வந்தாலும் தாமதம் | சிறியது, பாதி குடியிருப்பவரே கட்டலாம் |
| இராத்திரி ஆள் | நாலு பேர், கூடவே செவிலியர் | நாலு பேர், வேறு ஊரில் | போனில் ஒருவர், சுற்ற ஒருவர் |
| பின்வாங்குவது | கஷ்டம் | சுலபம் | மிகச் சுலபம் |
| கொடையாளிக்குக் காட்ட | நிறைய | ஓரளவு | ஒன்றுமில்லை |

## அப்புறம், யார் நடத்துவது?

மேலே சொன்ன எதுவும் நிறுவனரின் போனில் தொங்கிக்கொண்டிருந்தால் நடக்காது. பல இல்லங்களில் இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தது அவர் நம்பர், வங்கிக் கையெழுத்து அவருடையது, புதிதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்று இராத்திரி கேட்பதும் அவரைத்தான். அறுபது வயதில் அவருக்கே சர்க்கரை ஏறியிருக்கும்.

அவரே தொடர்வது, உள்ளே இருக்கும் வார்டனை மேலே கொண்டுவருவது, வெளியிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவரை எடுப்பது என்று மூன்று வழி. கோவையில் அந்தப் படிப்பை முடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. வருவார்கள், நன்றாக அறிக்கை எழுதுவார்கள், ஒன்றரை வருடத்தில் ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். பிரிவு இரட்டைச் சம்பளத்துக்குக் கூப்பிடும், போய்விடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? வார்டன் நிற்பார். ஆனால் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில் போட வராது என்பதால் டிரஸ்டிகள் அவரைக் கூட்டத்துக்கே கூப்பிடுவதில்லை. என் யோசனை, வார்டனைத் தலைவராக்கி, படித்த பிள்ளையை அவருக்கு உதவியாகப் போடுங்கள். நிறுவனர் முதலில் போனைக் கொடுக்கட்டும், செக் புத்தகம் ஒரு வருடம் கழித்துப் போகட்டும். இரண்டையும் ஒரே நாளில் கைமாற்றினால் கொடையாளிகள் மிரண்டுவிடுவார்கள்.

பழைய ஊழியர்கள் முணுமுணுப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். இதுநாள் வரை சோறு, மாத்திரை, படுக்கை என்று பார்த்தவரிடம் இப்போது "இவரை மூன்று மாதத்தில் எங்கே அனுப்புவது?" என்று கேட்கிறோம். ஆளை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். முதல் வாடகை வீட்டுக்கு அவரையே கூட்டிப்போய்ப் பால் காய்ச்சச் சொல்லுங்கள், பாதி முணுமுணுப்பு அங்கேயே அடங்கும்.

## உங்கள் நிலைமைக்கு எது

நாற்பதும் நிரம்பி, பாதிப் பேர் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கிறார்கள் என்றால் மூன்றாவது வழிதான், யோசிக்க ஒன்றுமில்லை. அலைய ஒரு ஊழியர், ஒரு வீடு, அவ்வளவுதான் தொடக்கம்.

தங்குகிறவர்கள் சீக்கிரம் போகிறார்கள், ஆனாலும் தினம் போன் வந்துகொண்டே இருக்கிறது, நல்ல வார்டனும் இருக்கிறார் என்றால் மாநகராட்சிக் காப்பகம்.

வருகிறவர்களில் பெண்களும் எழுந்து நடக்க முடியாதவர்களும் அதிகம் என்றால் கட்டடம். நிலத்தின் தூரத்தைப் பார்த்துவிட்டு, வைப்பு நிதியோடு மட்டும்.

கையில் மூன்று மாதச் செலவுகூட இல்லாத டிரஸ்ட் இந்த வருடம் எதையும் எடுக்க வேண்டாம். அக்கம்பக்கத்துக் காப்பகங்களின் நம்பர்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, இடமில்லாதபோது அங்கே பேசி அனுப்புங்கள். அதற்குப் பத்து ரூபாய்கூட ஆகாது.

வாடகை வீடு என்று முடிவானால் கார்த்திகைக்குள்ளேயே பேசி வைத்துவிடுங்கள். மார்கழியில் யாரும் குடிபோக விடமாட்டார்கள், தை பிறந்தால் நல்ல வீடெல்லாம் போய்விடும்.